எத்தனை அலை என்று கேட்டாயே

எளாவூர்

அன்புள்ள செல்விக்கு,

அத்தை எழுதுவது. உன் மாமாவுக்கு முட்டி வலி, வழக்கம்போல. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். நாலு கட்டம் போட்டு, "எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பக்கம் கொரோனா எத்தனை அலை வந்தது, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் முடிந்தது, இதை மட்டும் நிரப்பிக் கொடு அத்தை" என்று கேட்டிருக்கிறாய். உன் அத்தை கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், அவளுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பாய். அந்த நாலு கட்டத்தையும் நான் நிரப்பப்போவதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

மாநிலக் கணக்கு எனக்கும் மனப்பாடம்தான். அப்போது தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறையின் புல்லட்டின் வரும், அதைப் பார்க்காமல் எங்களுக்குச் சோறு இறங்காது. முதல் நோயாளி 2020 மார்ச் 7, ஓமனிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர். முதல் உச்சம் ஜூலை 27, அன்றைக்கு 6,993. இரண்டாவது உச்சம் 2021 மே 21, அன்றைக்கு 36,184. மூன்றாவது 2022 ஜனவரி 22, அன்றைக்கு 30,744. மூன்று மேடு, நடுவே இரண்டு பள்ளம். கோட்டுப் படத்தைப் பார்க்கிற யாரும் மூன்று அலை என்றுதான் சொல்வார்கள். உன் ஆராய்ச்சிக் கைடும் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆனால் நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று யோசி. வீட்டிலிருந்து சாலைக்கு வந்தால் செக்போஸ்ட். அதைத் தாண்டி ஆரம்பாக்கம், அப்புறம் தடா, அது ஆந்திரா. பழவேற்காடு ஏரியோ இரண்டு மாநிலத்துக்கும் பொது, பெரும்பகுதி அவர்கள் பக்கம். அந்த முதல் அலையை மட்டும் எடுத்துக்கொள். சென்னையில் அது ஜூன் 30-ஆம் தேதி 2,393 என்று உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்துவிட்டது. தமிழ்நாடு முழுக்கக் கூட்டினால் உச்சி ஜூலை கடைசி. ஆந்திராவில் ஆகஸ்ட் கடைசியிலும் தினம் பத்தாயிரத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது. இந்தியாவைக் கூட்டினால் செப்டம்பர் நடுவில்தான் 97,000-ஐத் தாண்டி உச்சியைத் தொட்டது. ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையில் பெண் கொடுத்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு முதல் அலை முடிந்தது ஜூலையிலா, செப்டம்பரிலா? சென்னைக்காரன் "பீக் போச்சு" என்று மூச்சு விட்ட நாளில் இங்கே பாதிக் குப்பங்களுக்கு நோயே வந்திருக்கவில்லை.

அது ஏன் பிந்தி வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ரயில். மீன் கூடைக்காரிகள் எளாவூர் ஸ்டேஷனில் ஏறி கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, அதற்கும் அப்பால் போய் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார்கள். 2020 மார்ச்சில் புறநகர் ரயில் நின்றது. நவம்பர் 23-க்குப் பிறகுதான் பெண்களைப் பொதுவாக ஏற்றினார்கள், அதுவும் கூட்டமில்லாத நேரத்தில் மட்டும். அத்தனை மாதம் கூடை வீட்டிலேயே கிடந்தது. வயிறு காய்ந்தது, நோயும் நுழையவில்லை. மாறாக, சாலை ஓரத்து ஊர்களில் மே மாதமே காய்ச்சல் தலைகாட்டியது. கோயம்பேடு சந்தையை மே 5-ஆம் தேதி மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தை நம் மாவட்டத்துத் திருமழிசைக்கே கொண்டுவந்தார்களே, அந்தச் சமயம்தான். லாரியில் மூட்டை ஏற்றி இறக்கப் போன பையன்கள்தான் முதலில். அப்புறம் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனி லைன் வீடுகள். ஒரே பஞ்சாயத்தில் ரோட்டோரத் தெருவுக்கும் ஏரியோரக் குப்பத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி. இதில் எந்தத் தேதியை உன் கட்டத்தில் எழுதுவது?

சரி, தொடக்கம் என்று எதைச் சொல்வது? இதற்கு உலகத்திலேயே ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர், இது ஒரே பெரிய அலைதான், கொஞ்சம் ஏறும் கொஞ்சம் இறங்கும் என்றார். அப்போது எல்லா நாட்டிலும் "இரண்டாவது அலை எப்போது" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்குக்காரர்கள் ஆர் எண்ணைப் பார்ப்பார்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது அது. ஒன்றுக்கு மேலே ஏறி, வாரக்கணக்கில் மேலேயே நின்றால் அலை. ஒன்றுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் முடிந்தது. நம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் சிதாப்ர சின்ஹா என்ற பேராசிரியர் மாநிலவாரியாக அதைக் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். தென்னாப்பிரிக்காவில் வேறு கணக்கு. ஏழு நாள் சராசரி, போன அலை உச்சத்தின் முப்பது சதவீதத்தைத் தாண்டினால் புது அலை பிறந்துவிட்டது. அந்த விதிப்படிதான் 2021 ஜூன் 10-ஆம் தேதி அவர்கள் மூன்றாவது அலையை அறிவித்தார்கள்.

இந்த இரண்டையும் நம் இரண்டாவது அலைக்குப் போட்டுப் பார். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தினம் ஐந்நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. மார்ச் முதல் வாரத்தில் மெல்ல ஏற ஆரம்பித்தது. ஆர் எண்ணை நம்பினால் அலை அங்கேயே தொடங்கிவிட்டது. அதே வாரம், மார்ச் 7-ஆம் தேதி, மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், இந்தியாவில் கொள்ளைநோயின் ஆட்டம் முடியப்போகிறது என்று பேசினார். முப்பது சதவீத விதியை எடுத்தால், 6,993-இல் முப்பது சதவீதம் சுமார் 2,100. அதைத் தாண்டியது மார்ச் கடைசியில். அப்போது நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் 6 தேர்தல். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு எல்லாக் கட்சிக்காரர்களும் குப்பம் குப்பமாகச் சுற்றினார்கள். முகக்கவசம் போட்டவரை விரல் விட்டு எண்ணலாம். ஊர் ஜனத்தைக் கேட்டால் மூன்றாவது தேதி ஒன்று சொல்வார்கள்: மே. ஆம்புலன்ஸ் ராத்திரியெல்லாம் ஓடியது, ஆக்சிஜன் பெட் கேட்டு ஆள் பிடித்து அலைந்தது, மே 10-இல் ஊரடங்கு போட்டது. ஒரே அலைக்கு மூன்று பிறந்த நாள், நடுவே இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில்தான் தடுக்க முடிந்ததெல்லாம் கைவிட்டுப் போனது. தேதியை எங்கே வைப்பது என்பது ஏதோ படிப்பாளிகள் சண்டை என்று தள்ளிவிடாதே.

பழவேற்காட்டில் முகத்துவாரம் அடைந்துவிட்டதா இல்லையா என்று வருஷா வருஷம் வாக்குவாதம் நடக்கும், கேட்டிருப்பாய். இஞ்சின் போட்ட ஃபைபர் படகுக்காரனுக்கு இடுப்பளவு தண்ணீர் போதாது, அவனுக்கு அடைந்துபோச்சு. இறால் குஞ்சு உள்ளே வருகிறதா என்று பார்க்கிறவனுக்கு முழங்கால் தண்ணீர் ஓடினாலும் வாய் திறந்துதான் இருக்கிறது. பொதுப்பணித் துறைக்காரர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்தால் மூன்றாவதாக ஒரு பதில். யாரும் பொய் சொல்லவில்லை. எதற்காகக் கேட்கிறாய் என்பதைச் சொன்னால்தான் பதில் வரும். அலைத் தேதியும் அப்படித்தான்.

அதே முப்பது சதவீத விதியை மூன்றாவது அலையான ஒமைக்ரானுக்குப் போட்டால் வேடிக்கையைப் பார். 36,184-இல் முப்பது சதவீதம் பத்தாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். தினசரி எண்ணிக்கை அதைத் தாண்டியது 2022 ஜனவரி 8-ஆம் தேதி. ஆனால் எண்ணிக்கை டிசம்பர் 31-ஆம் தேதியே ஆயிரத்தைத் தாண்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கத் தொடங்கிவிட்டது. இரவு ஊரடங்கே ஜனவரி 6-ஆம் தேதி வந்துவிட்டது. அதாவது விதிப்படி அலை பிறக்கும் முன்பே அரசாங்கம் கதவைச் சாத்தியாயிற்று. பிறந்து இரண்டே வாரத்தில் உச்சி. மேடு பெரிதாக இருந்தால் அடுத்த அலை பிறக்க அதிகம் காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? அந்த விதியை வைத்துக்கொண்டு ஊரைக் காக்க முடியாது. பின்னால் உட்கார்ந்து கட்டுரை எழுத வேண்டுமானால் உதவும்.

எதை எண்ணுகிறோம் என்பது அடுத்த சிக்கல். சாவை எண்ணிப் பார். 2021 மே 30-ஆம் தேதி ஒரே நாளில் 493 மரணம் என்று புல்லட்டினில் வந்தது. ஒமைக்ரான் உச்சத்தில் தினம் நாற்பது, ஐம்பது என்ற அளவில்தான். தொற்றுக் கோட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்து மலை. சாவுக் கோட்டில் இரண்டாவது மட்டும் மலை, மூன்றாவது வரப்பு. இன்னொன்று, பழைய புல்லட்டினைப் புரட்டினால் 2020 ஜூலை 22-ஆம் தேதி மரணம் திடீரென்று 518 என்று ஊசி மாதிரி நிற்கும். அன்றைக்கு யாரும் கூட்டமாகச் சாகவில்லை. சென்னையில் முன்பு கணக்கில் வராமல் விட்டுப்போன 444 சாவை ஒரே நாளில் சேர்த்தார்கள். கம்ப்யூட்டரிடம் உச்சி எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் காட்டும், ஜாக்கிரதை.

தொற்று எண்ணிக்கையும் நாம் எத்தனை மூக்கில் குச்சி விட்டோம் என்பதைப் பொறுத்ததுதானே. முதல் உச்சத்தில் மாநிலத்தில் தினம் சுமார் அறுபதாயிரம் டெஸ்ட். இரண்டாவது உச்சத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மூன்றாவதில், ஜனவரி 10-ஆம் தேதி ஐ.சி.எம்.ஆர். புதிய அறிவுரை கொடுத்தது: அறிகுறி இல்லாதவர், ஆபத்தில் இருப்பவராக இல்லையென்றால், தொடர்பில் இருந்தார் என்பதற்காக டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. கடையில் வீட்டு டெஸ்ட் கிட் வேறு வந்துவிட்டது. இரண்டு கோடு வந்தால் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள், யாரும் எனக்குப் போன் போட்டுச் சொல்லவில்லை. எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதற்கு ஒரு அளவு உண்டு. 2020 அக்டோபர், நவம்பரில் பொது சுகாதாரத் துறை ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து எடுத்த ஆய்வில் மாநிலத்தில் 31.6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஏழு கோடிப் பேரில் அது இரண்டு கோடிக்கு மேல். புல்லட்டினில் அப்போது இருந்தது ஏழு லட்சத்துச் சொச்சம். கணக்கில் ஏறியது ஒன்று என்றால் ஏறாதது முப்பது.

அந்த முப்பதில் நம் குப்பங்கள்தான் நிறைய. இதை எந்தப் புத்தகத்திலும் நீ பார்க்கமாட்டாய், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஏரியில் பாட்டு முறை உனக்குத் தெரியும்: இறால் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருப்பது. ஒருவருக்குப் பாடு வருவது சில நாளுக்கு ஒரு தடவை. அந்த நாள் போனால் போனதுதான். 2020-இல் ஒரு வீட்டில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, தெருவுக்குத் தகரம் அடித்து, பதினான்கு நாள் யாரும் வெளியே வரக்கூடாது என்றார்கள். ஒரு ஆள் இருமினால் வீட்டிலிருக்கும் அத்தனை ஆம்பிளைகளின் பாடும் போச்சு. பக்கத்து வீட்டுக்காரனுடையதும் போச்சு. அப்படியிருக்க யார் காய்ச்சல் என்று வாயைத் திறப்பார்கள்? காய்ச்சல் முகாம் போட்டு உட்கார்ந்தால் மூட்டு வலிக்கு மாத்திரை கேட்பார்கள், சர்க்கரை மாத்திரை கேட்பார்கள். "வீட்டில் யாருக்காவது ஜுரம்?" என்றால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க நர்சம்மா." உள்ளே கிழவி இருமுகிற சத்தம் கேட்கும். என் முகத்தைப் பார்ப்பார்கள், நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். பாரசிட்டமாலைத் திண்ணையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கினால் நடுராத்திரியானாலும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டு வருவேன். அந்தக் கிழவி எந்த அலையிலும் சேரவில்லை. இதை அவர்கள் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பதினான்கு நாளைக்கு ஒரு வீட்டுக்கு வலைக் கூலி கொடுத்திருந்தால் என் நோட்டுப் புத்தகத்தில் உண்மைக் கணக்கு ஏறியிருக்கும்.

ஏறியதை வைத்துப் பார்த்தாலும் அலையின் வடிவம் அதில் இல்லை. ஒரு வாரம் ஒரே தெருவில் பதினோரு பேர், எல்லோரும் ஒரே கருமாதிக்குப் போனவர்கள். அப்புறம் நாலு வாரம் ஒருவரும் இல்லை. அப்புறம் கல்யாணத்துக்குப் போய் வந்த இரண்டு குடும்பம். அப்புறம் கம்பெனி வேனில் போகும் பெண்கள் ஆறு பேர். கொத்துக் கொத்தாக வரும், நடுவே வெற்று இடம். இருநூறு வீட்டுக்கு ஆர் எண் போட்டால் ஒரு வாரம் ஐந்து வரும், அடுத்த வாரம் பூஜ்யம் வரும், அர்த்தமே இல்லை. இப்படி ஆயிரக்கணக்கான ஊர்களின் கொத்துகளை ஒன்றாகக் கூட்டி, ஏழு நாளுக்குச் சராசரி எடுத்துத் தேய்த்தால்தான் அழகான மேடு கிடைக்கிறது. தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து எத்தனை படுக்கை, எத்தனை டன் ஆக்சிஜன் என்று முடிவு எடுக்கிறவருக்கு அந்த மேடு கட்டாயம் வேண்டும், நான் மறுக்கவில்லை. அதைத் திருப்பி எங்கள் ஊர் தலையில் கவிழ்த்து, "உங்கள் ஊரில் அலை எப்போது" என்று கேட்பதுதான் சரியில்லை. மே 2021 மட்டும் விலக்கு. அப்போது எல்லாத் தெருவும் ஒரே சமயத்தில் விழுந்தது. ஆந்திராவின் உச்சி மே 16, நம் உச்சி மே 21, ஏரியின் இரண்டு கரைக்கும் ஐந்தே நாள் வித்தியாசம். ரயிலும் வேனும் கல்யாணமும் தேர்தலும் திறந்துவிட்டிருந்தன, டெல்டாவோ முந்தியதைவிட வேகமாகப் பரவுகிற வகை. இரண்டாவதை அலை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

நாலாவது அலை எங்கே என்று கேட்டாயா? 2022 ஜூலைத் தொடக்கத்தில் மாநிலத்தில் தினம் 2,500-க்கு மேல் வந்தது, புல்லட்டினை எடுத்துப் பார். 2020 ஜூன் பிற்பகுதியில் கிட்டத்தட்ட அவ்வளவு எண்ணிக்கைக்குத்தான் சென்னையிலும் சுற்றியிருந்த மாவட்டப் பகுதிகளிலும் முழு ஊரடங்கு போட்டார்கள், இ-பாஸ் இல்லாமல் நம் செக்போஸ்ட்டை ஈ கூடத் தாண்ட முடியவில்லை. 2022-இல் அதே எண்ணுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது, கல்யாணம் நடந்தது, ஆடி மாதத்துக் கூழ் ஊற்றினார்கள். தடுப்பூசி போட்டிருந்தது, ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை, அதனால் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அது நியாயம்தான். ஆனால் அலை என்று பெயர் வைத்தது எண் இல்லை, படுக்கை நிரம்பியதும் பயமும் என்பதை உன் கட்டுரையில் ஒரு வரியாவது எழுது.

1918 விஷக்காய்ச்சலுக்கும் மூன்று அலை என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது பெரும்பாலும் மேல்நாட்டுக் கோடு. இந்தியாவில் ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் லேசாக இறங்கி, செப்டம்பருக்கு மேல் திரும்பி வந்தபோதுதான் ஒரு கோடிக்கு மேல் உயிரைக் கொண்டுபோனது. அதன் முழு அளவு 1921 மக்கள்தொகைக் கணக்கில்தான் தெரிந்தது. பத்து வருஷத்தில் நாட்டின் ஜனத்தொகை குறைந்ததாக வந்த ஒரே கணக்கு அது. ஏரிக்கரையில் எந்த வாரம் யார் வீட்டில் விழுந்தது என்று எழுதி வைக்க ஆளில்லை. இந்த முறை ஆள் இருந்தோம். அதனால்தான் உன்மேல் இவ்வளவு கோபப்படுகிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான், கண்ணு. "இரண்டாவது அலையில்" என்று மொட்டையாக எழுதாதே. எந்த இடம், எந்த வாரம் முதல் எந்த வாரம் வரை, எதை எண்ணினாய், எந்த விதியை வைத்துத் தொடக்கம் சொன்னாய் என்பதை முதல் பக்கத்திலேயே எழுது. விதியை மாற்றினால் தேதி எவ்வளவு நகர்கிறது என்று பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டுக் காட்டு. நம் பகுதிக்கு அலைக் கட்டத்தை எடுத்துவிட்டு, வாரம் வாரமாக, தெரு தெருவாக ஒரு அட்டவணை போடு. ஆந்திரக் கரையையும் சேர், எல்லைக்கோட்டோடு நிறுத்தாதே. கணக்கில் வராதவர்களுக்கு ஒரு தனிக் கட்டம் விட்டு, அதில் ஏன் வரவில்லை என்பதை எழுது. கைடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்னிடம் பேசச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் பழைய நோட்டுப் புத்தகங்கள் மச்சில் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பெயர்களை நீ எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், அந்தச் சத்தியம் செய்தால்தான் சாவி. ஞாயிற்றுக்கிழமை வா, வரும்போது மாமாவுக்கு முட்டித் தைலம் ஒன்று வாங்கிவா.

அன்புடன்,
உன் அத்தை